என் பேரில் போனவள்

2022 அக்டோபர் 10

என் பெயரை என் அக்கா எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினாள். 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அன்றிலிருந்து அவள் சிவபாக்கியம், இந்தியப் பிரஜை, கோத்தகிரியில் வீடு உள்ளவள். அவள் விட்டுவிட்டுப் போன பெயர் எனக்கு. நான் அமராவதி, இலங்கை அகதி, இந்த முகாமில் 43ஆம் நம்பர். உண்மையில் சிவபாக்கியம் நான்தான். இதை ஜூன் மாதம் மனுவாக எழுதி கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனாலும் யாரும் எழுதித் தரவில்லை, என் கையால் எழுதினேன்.

இன்று பதில் வந்திருக்கிறது. நவம்பர் 18 காலை பத்தரை மணிக்கு விசாரணை. மனுதாரரும் எதிர்மனுதாரரும் அசல் ஆவணங்களுடன் வர வேண்டுமாம். எதிர்மனுதாரர் என்று போட்டிருந்த இடத்தில் சிவபாக்கியம் என்று என் பெயர் இருந்தது.

மூன்று முறை படித்தேன். கேட்டதுதானே வந்திருக்கிறது, எத்தனை தடவை படிப்பாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். தாளை மடித்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். பிறகு எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

அக்டோபர் 11

குழாயில் தண்ணீர் வரவில்லை. அடுத்த வீட்டு பிலோமினா குடத்தோடு நின்றாள். மன்னார்க்காரி.

"என்ன அமராக்கா, வழக்கெல்லாம் போட்டிருக்கிறியளாம். அங்க போய் உங்கட பேரக் கேட்டா என்ன சொல்லுவியள்?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. 83ஆம் வருஷக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கதவைத் தட்டியவர்கள் முதலில் கேட்டது பெயரைத்தான். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. பயத்தால் மட்டும் இல்லை, எந்தப் பெயரைச் சொல்வது என்று ஒரு கணம் தெரியவில்லை. உள்ளே இருந்து என் வீட்டுக்காரர்தான் சிங்களத்தில் ஏதோ சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து யாராவது "பேர் என்ன" என்றால் முதலில் வாசலைத்தான் பார்ப்பேன்.

அக்டோபர் 13

அசல் ஆவணம் என்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு கொப்பி, பழைய நோட்டு. தோட்டத்தில் இருந்தபோது எழுதியது. பழைய பேப்பரையும் தேயிலைப் பெட்டியில் ஒட்டிய எழுத்தையும் பார்த்துப் பார்த்து நானாகவே எழுத்துக் கற்றேன், பிறகு அதில் எழுதினேன். தொண்ணூறில் வள்ளத்தில் வரும்போது பாலித்தீனில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தேன்.

பென்சில் எழுத்து மங்கிவிட்டது, அதிகாரிக்கு வாசிக்க வராது. அதனால் வேண்டிய தேதிகளை மட்டும் இதில் பெயர்த்து எழுதுகிறேன்.

1974 ஏப்ரல் 2

இந்தியா போகிற குடும்பக் காட் வந்துவிட்டது. அப்பா, அம்மா, நான், தம்பிகள் இரண்டு பேர். ஐந்து பேர் இந்தியா போகலாம். அக்கா பெயர் இல்லை. அக்காவுக்குப் பரிசம் போட்டாயிற்று. மருதவீரன் வீட்டார் சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதியவர்கள். பரிசம் போட்ட பெண் அந்த வீட்டுக் கணக்கு, அவளை நம்முடைய குடும்பக் காட்டில் எழுதக்கூடாது என்று அப்பா அப்போதே சொல்லிவிட்டார்.

இன்று மரவள்ளிக்கிழங்கு மட்டும்தான். சின்னத் தம்பிக்குக் கால் வீங்கியிருக்கிறது. பசி வீக்கம் என்று டிஸ்பென்சர் ஐயா சொன்னார். இந்தியாவில் அரிசி இருக்கிறதாம்.

1974 மே 19

அட்டனிலிருந்து படம் பிடிக்கிறவர், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு வந்தார். பாஸ்போட்டுக்குக் குடும்பத்தோடு ஒரே படம். எனக்குக் காய்ச்சல். கிளாக்கர் ஐயா, "அஞ்சு பேர் எழுதியிருந்தா அஞ்சு மொகம் இருக்கணும். ஒண்ணு கொறஞ்சா காட் மொத்தமும் ரத்து" என்றாராம். அக்கா என் தாவணியைக் கட்டிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

2022 அக்டோபர் 13, சாயங்காலம்

இதுதான் ஆதாரம். என் தாவணி, என் இடம், என் பெயர். இதைவிட என்ன வேண்டும்?

மகள் விஜயராணி மில்லிலிருந்து வந்ததும் காட்டினேன். அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஒன்பது வயதில் இந்த முகாமுக்கு வந்தவள். இன்னும் மாதம் தவறாமல் தணிக்கைக்கு வரிசையில் நின்று முகத்தைக் காட்டுகிறாள். அவளுக்காகத்தான் இந்த மனு. நான் இந்தியப் பிரஜை என்று ஆனால் அவளும் ஆகலாம்.

படித்துவிட்டு, "ஏம்மா, பெரியம்மாவ உள்ள தூக்கிப் போட்ருவாங்களா?" என்றாள்.

"பெரியம்மான்னு யாரும் இல்ல ஒனக்கு."

"நான் பாத்ததே இல்ல. பாக்காத ஆள செயிலுக்கு அனுப்பறது எப்புடியோ இருக்கு."

சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

அக்டோபர் 19

கூரைத் தகடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. சாக்கு வைத்தேன்.

அக்டோபர் 22

முகாம் வாசலில் ஜீப் நின்றது. கியூ பிராஞ்ச் போலீஸ் என்றார்கள். நான் விறகு எடுக்கிற மாதிரி வீட்டுக்குப் பின்னால் போய் முக்கால் மணி நேரம் நின்றேன். வேறு யாரையோ தேடி வந்தார்களாம். கால் மரத்துப்போய் நடக்க முடியவில்லை. விறகு எடுக்காமலே திரும்பி வந்தேன்.

அக்டோபர் 30

துணிப்பை ஒன்றில் இரண்டு சேலை, மாத்திரை, கொப்பி, அவருடைய படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். எங்கே போகப்போகிறேன் என்று விஜயராணி கேட்டாள். எங்கேயும் இல்லை. 77இல் ஒரு முறை, 83இல் ஒரு முறை, 90இல் ஒரு முறை பை இல்லாமல் ஓடியிருக்கிறேன். இந்த முறை பை இருக்கட்டும்.

நவம்பர் 3

பொய் மனு கொடுத்தால் முகாம் பதிவை ரத்து செய்துவிடுவார்கள் என்று குழாயடியில் பேச்சு. நான் கொடுத்தது பொய் இல்லை. ஆனால் பிடிக்க வருகிறவன் அதைக் கேட்டுக்கொண்டா வருவான்? இரண்டு நாளாகக் காலையில் இட்லி இறங்கவில்லை. டீ மட்டும்.

1974 ஆகஸ்ட் 11

அட்டன் ஸ்டேஷன். கோச்சி முழுக்க ஒப்பாரி. அம்மா என் கையை விடவில்லை, அப்பா பிரித்துவிட்டார். "அத்தை வீட்ல இரு, ஒன் பேருக்கு எழுதிப்போட்டு அடுத்த கப்பல்ல கூப்புட்டுக்கறேன்" என்றார். அக்கா அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலிருந்து வருகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதவீரன் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

2022 நவம்பர் 5

அடுத்த கப்பல் வரவில்லை. சிவபாக்கியம் போய்விட்டாள் என்று காகிதத்தில் இருக்கும்போது எந்தச் சிவபாக்கியத்தைக் கூப்பிடுவார்கள்? தோட்டத்து ஆள் கணக்கில், செக்ரோலில், அமராவதி என்ற பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் பெயரில் கொழுந்து எடுத்தேன். அந்தப் பெயரிலேயே 76இல் கல்யாணம் ஆனது.

அதிகாரிக்குக் கல்யாணத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 9

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு மைக்கில், "நாற்பத்துமூணு அமராவதி, கேட்டுக்கு வரவும்" என்று கேட்டது. பிடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டே போனேன்.

கேட்டில் ஒரு கிழவி நின்றாள். மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை இந்த வெயிலிலும் கழற்றவில்லை. காலில் ரப்பர் செருப்பு, விரலெல்லாம் கொழுந்துக் கறை ஊறிக் கறுத்திருந்தது. நாற்பத்தெட்டு வருஷம் பார்க்காத முகம். ஆனால் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

போலீஸ்காரர் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "யாரப் பாக்கோணும்னு போட்டு, உங்க பேரு போடுங்கம்மா."

அவள் எழுத்துக்கூட்டி எழுதினாள். நான் தலைகீழாகவே படித்தேன். பார்க்க வேண்டியவர், அமராவதி. வந்தவர், சிவபாக்கியம்.

போலீஸ்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, அக்கா தங்கச்சிங்களா? ஒரே அச்சா இருக்கறீங்க. யாருங்க பெரியவங்க?"

நான் அவளைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டினாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் எழுந்தது.

"ரெண்டு பேருக்குமே வயசாகறதுல இஷ்டமில்லயாட்ட இருக்குது," என்று அவர் சிரித்தார். உண்மையில் அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். காகிதத்தில் நான் அவளைவிட நான்கு வயது மூத்தவள்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வந்தவளுக்குத் தண்ணீர் கொடுப்பது வேறு, மன்னிப்பது வேறு.

"பாக்கியம்," என்றாள்.

அப்பா அம்மா போன பிறகு அத்தை ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள். அவளும் 79இல் செத்தாள். அதன் பிறகு அந்தப் பெயரை எந்த வாயிலும் கேட்டதில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காத மாதிரி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கே வாய் கூசுது புள்ள," என்றாள். "அந்தப் பேர சொன்னா நான்தான் திரும்பிப் பாக்குறது. தாலி கட்டறப்பவும் ஒன் பேரத்தான் சொன்னாங்க. மவன் பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரில, எல்லாத்துலயும் ஒன் பேரு."

"திருடுன பொருள நல்லாத்தான் பொழங்கியிருக்க."

"ஆமா," என்றாள். கோபமே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

"நோட்டீசு வந்துச்சு. மவன் சத்தம் போட்டான், வக்கீல வைக்கிறேன்னான். வேணான்னுட்டேன். நான் வர்றேன். நீ எழுதுனது நெசம்னு சொல்லிர்றேன். பேர நீயே வச்சிக்க. அப்பா பாஸ்போட்டும் எங்கிட்டதான் இருக்கு, கொண்டாறேன்."

நான் கேட்க நினைத்ததெல்லாம் அவளே கொடுத்துவிட்டாள். எனக்குச் சண்டை போட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"அப்புறம் ஒன்ன என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"தெரியல. ரோசன பண்ணிப் பாத்தேன். சிலோன்ல அமராவதி நீதான். இங்க சிவபாக்கியமும் நீதான்னு ஆயிட்டா, நான் யாருன்னு சொல்றது? எனக்கு எந்த ஊர்லயும் பேரில்ல." தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்தாள். "பயமாத்தான் இருக்கு பாக்கியம். வயசான காலத்துல எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க?"

எனக்கு இரக்கம் வரவில்லை. அப்படித்தான் எழுத வேண்டும், வரவில்லை. "நான் நாப்பத்தெட்டு வருசமா அனுபவிச்சத நீ கொஞ்ச நாள் அனுபவி" என்றேன்.

அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ கொப்பில எல்லாத்தையும் எழுதுவியே. படம் புடிச்ச அன்னிக்கு ஒனக்குக் காச்ச இல்லன்னு எழுதியிருக்கியா? வாழை மரத்துக்குள்ள ஒளிஞ்சிருந்த. நான் வந்து பாத்தேன். நீ வரமாட்டேன்னு தலைய ஆட்டுன. சின்னவன் கால் வீங்கிக் கெடந்தான். அந்தக் காட் போயிருந்தா அவன் செத்திருப்பான். ஒரு நாளைக்கு மட்டும்னு போயி உக்காந்தேன்."

நான் டம்ளரை எடுத்துக் கழுவினேன்.

"சரி, அது போவட்டும். சூலை மாசம் அப்பா பெரட்டுக்களத்துல ஒன்னைய கேட்டாரே. நான் பக்கத்துலதான் நின்னேன். அத எழுதியிருக்கியா?"

"கௌம்பு" என்றேன்.

எழுந்தாள். வாசல் படியில் நின்று, சுவரில் அடித்திருந்த ஆணியையும் என் வெறும் நெற்றியையும் பார்த்தாள். அவருடைய படம் பையில் இருந்தது. ஆணி மட்டும் இருந்தது.

"அவரு கடைசில ரொம்ப சிரமப்பட்டாரா?" என்று கேட்டாள்.

அவர் பதின்மூன்று வருஷம் முன்னால் இதே வீட்டில் செத்தார். நான் பதில் சொல்லவில்லை. கேட் வரைக்கும் கூடப் போகவில்லை. பிலோமினாதான் அவளை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு வந்தாளாம்.

நவம்பர் 10

அவள் சொன்னது முழுப் பொய் இல்லை.

நவம்பர் 12

தணிக்கை. வருவாய் ஆய்வாளர் "அமராவதி" என்று கூப்பிட்டார். நான் நகரவில்லை. விஜயராணி முழங்கையால் இடித்த பிறகுதான் கையைத் தூக்கினேன். "காது மந்தமா பாட்டி?" என்றார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 15

அதிகாரிக்குத் தேவையில்லை என்று விட்ட தேதியை இங்கே பெயர்த்து எழுதுகிறேன். விஜயராணி வேலைக்குப் போயிருக்கிறாள். கதவைச் சாத்தியிருக்கிறேன். அப்படியும் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிற மாதிரி இருக்கிறது.

1974 ஜூலை 14

அப்பா கண்டி பாஸ்போட் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். நான் நேரில் வந்து ரேகை வைத்தால் படத்தை மாற்றித் தருவார்களாம், நாளைக்கு லொறி போகிறதாம். பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும், "வர்றியா?" என்று கேட்டார். மருதவீரன் தராசில் கூடை நிறுத்துக்கொண்டிருந்தார். நான் வரவில்லை, அக்காவே போகட்டும் என்றேன்.

2022 நவம்பர் 15, பகல்

பதினாறு வயது. அப்பா ஒரு அடி அடித்து லொறியில் ஏற்றியிருக்கலாம். அவரும் அசதியாக இருந்தார். அதை யாரிடம் மனு கொடுத்துக் கேட்பது?

அந்தப் பென்சில், பழைய கொப்பி முழுக்க எழுதிய பென்சில், களத்தில் கணக்கு எழுதுகிற பென்சில். மருதவீரன் பாதி உடைத்துக் கொடுத்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அதற்கு மேல் எதுவும் இல்லாததை வைத்துக்கொண்டு வாழை மரத்துக்குள் ஒளிந்தேன்.

76இல் அவரையே கட்டிக்கொண்டேன். அவர் நல்லவர். என் மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை. முப்பத்துமூன்று வருஷம் "இந்தா" என்றுதான் கூப்பிட்டார். அமராவதி என்று கூப்பிட்டதே இல்லை. பாக்கியம் என்றும் கூப்பிடவில்லை.

நவம்பர் 16

விஜயராணி கொப்பியை எடுத்துப் படித்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வரும்போது அது வேறு பக்கத்தில் திறந்திருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலை துவட்டிவிட்டாள். பிறகு, "தாத்தா இந்திய பாஸ்போட் வச்சிருந்தாரு. அவருக்கு நீ சிவபாக்கியமா இருந்தாலும் மக, அமராவதியா இருந்தாலும் மகதான?" என்றாள்.

மில்லில் நூல் ஓட்டுகிறவள். இந்த யோசனை ஐந்து மாதம் முன்னால் எனக்கு ஏன் வரவில்லை? வந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

நவம்பர் 17

நாளை விசாரணை. முடிவு செய்துவிட்டேன். மாற்ற மாட்டேன். நாளை எனக்கு வாய் ஒட்டிக்கொண்டால் விஜயராணி இதைப் பார்த்துப் படித்துவிட வேண்டும். அதனால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கிறேன்.

விஜயராணி ஒரு நாள் லீவு போட வேண்டும். இன்றைக்கே கோத்தகிரிக்கு போன் செய்து, அப்பாவின் பாஸ்போட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வக்கீல் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம், இங்கே வெயில் என்று சொல்ல வேண்டும்.

அதிகாரி, என் பெயரைத் திருடினாள் என்று ஜூன் மாத மனுவில் நான் எழுதியதை ரத்து செய்ய வேண்டும். நான் அமராவதி, முத்துக்கருப்பனின் மூத்த மகள் என்று புதிய தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பொய் மனு என்று கோபம் வந்தால் என் ஒருத்தி மேல் மட்டும் நடவடிக்கை எடுக்கட்டும். என் மகளின் பதிவைத் தொடக்கூடாது.

சிவபாக்கியம் என்ற பெயரை அவளே வைத்துக்கொள்ள வேண்டும். நான் கொடுத்தேன் என்று அவள் நினைக்க வேண்டியதில்லை, நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் பேச வேண்டியதில்லை. அதிகாரி முன்னால் இவள் என் கூடப் பிறந்தவள் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும். கேட்டில் கையைக் காட்டினாளே, அதை வாயால் சொல்ல வேண்டும். விசாரணை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும்.

பையிலிருக்கிற படத்தை ஆணியில் மாட்டிவைக்க வேண்டும். அதை நான் செய்வேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் படியில் நின்று கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் சிரமப்படவில்லை. கண்ணை மூடியபடியே, வாழ்க்கையில் முதல் தடவையாக, "அமராவதி" என்று கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிட்டார். நான் "ம்" என்றேன். அவர் நிம்மதியாகப் போனார். அது யாரைக் கூப்பிட்ட கூப்பாடு என்று எனக்கு அப்போதே தெரியும். அதை உரியவளிடம் சேர்க்க வேண்டும். வேறு யாரும் செய்ய முடியாது. நான்தான் செய்ய வேண்டும்.